கார் "கடகட" என்கிறதா? கவனம்!

காரில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் பயப்படுவார்கள். விளக்கு எரியவில்லை என்றால் உடனே மாற்றுவார்கள். முன் சக்கரத்தின் பக்கம் "கடகட" என்று சத்தம் வந்தால்?

"ரோடு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்!

ரோடு சரியில்லாமல் இருக்கலாம். ஆனால், சத்தம் போடுவது ரோடு அல்ல, கார். சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளும், காரைத் தாங்கும் மூட்டுகளும் தேய்ந்துவிட்டன என்று அது சொல்கிறது.

குறிஞ்சிப்பாடி சாலை

கடலூர் மாவட்டத்தில் உள்ள தாலுகா ஊர், குறிஞ்சிப்பாடி. கைத்தறிக்குப் பெயர் பெற்றது. அருகே வடலூர். அதை அடுத்து நெய்வேலி.

1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி, நெய்வேலியில் சுரங்க வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962-ல் மின்சார உற்பத்தி தொடங்கியது. அன்று முதல் இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு ஓய்வே கிடையாது. இரவு, பகல் என்று பாராமல் லாரியும் பஸ்சும் ஓடுகின்றன. இன்று அவற்றோடு ஏராளமான கார்களும் சேர்ந்துவிட்டன.

2015-ம் ஆண்டு நவம்பர் மாத மழை, கடலூர் மாவட்டச் சாலைகளை அறுத்துக்கொண்டு போனது. விக்கிரவாண்டியில் இருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையை நான்கு வழிச் சாலை ஆக்கும் வேலையோ பல ஆண்டுகள் இழுத்தது. தூசி, சேறு, பள்ளம், மாற்றுப் பாதை! இவை எல்லாவற்றையும் கார்கள் தாங்க வேண்டி இருந்தது.

எது தேய்கிறது?

மனிதனுக்கு முழங்கால் மூட்டு இருக்கிறது. காருக்கும் அப்படி மூட்டுகள் உண்டு. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு. அதைச் சுற்றிக் கிரீஸ். அதன் மேல் ஒரு ரப்பர் உறை. இதற்கு "பால் ஜாயின்ட்" என்று பெயர்.

ஸ்டியரிங்கில் இருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையிலும் இப்படி ஒரு குண்டு மூட்டு இருக்கிறது. அதை "டை ராடு எண்ட்" என்பார்கள்.

ரப்பர் உறை கிழிந்தால், கிரீஸ் வெளியே போகும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். பிறகு என்ன? குண்டும் கிண்ணமும் ஒன்றை ஒன்று அரைத்துக்கொள்ளும். மூட்டு ஆட்டம் காணும். முற்றிலும் கழன்றுவிட்டால், சக்கரம் ஒரு பக்கம் மடிந்துவிடும். ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்கும். சக்கரம் அவர் சொன்னபடி கேட்காது!

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார்கள். கார் அப்படி அல்ல. மூட்டு தேய்ந்த பிறகும் ஓடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அந்தக் காலக் காரும் இந்தக் காலக் காரும்

2014-ம் ஆண்டோடு தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர் காரில், மூட்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் அடிக்க வேண்டும். அதற்காக மெக்கானிக் காரின் அடியில் படுப்பார். படுத்தவர் கண்ணில் மற்றப் பழுதுகளும் படும்.

இன்றையக் கார்களில் பெரும்பாலும் மூட்டைச் சீல் வைத்து மூடிவிடுகிறார்கள். கிரீஸ் அடிக்கும் வேலை இல்லை. அது நல்லதுதான். ஆனால், அடியில் குனிந்து பார்க்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது. பவர் ஸ்டியரிங் வந்ததால், சக்கரத்தின் அதிர்ச்சியும் கைக்கு முன்போலத் தெரிவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உள்ளவர்களே கவனிக்கக் கூடிய அடையாளங்கள் உண்டு.

பள்ளத்தில் இறங்கும்போது "டொக்" என்று சத்தம் வருகிறதா? நேர் ரோட்டில் கார் அங்கும் இங்கும் அலைகிறதா? ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் திரும்பாமல் இருக்கிறதா? டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டுவிட வேண்டும். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி. தொட்டில் போல் ஆடிக்கொண்டே இருந்தால், ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதில் எண்ணெய் வடிந்தாலும் அதே முடிவுதான்.

பட்டறையில் செய்யும் சோதனை இது: காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகவே கூடாது. சக்கரத்தின் இரண்டு பக்கங்களையும் பிடித்து ஆட்டினால், டை ராடின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், பால் ஜாயின்ட் அல்லது பேரிங்கின் ஆட்டம் தெரியும்.

எது என்று பிரித்து அறிவது எப்படி? ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்!

எப்படிப் பழுது பார்ப்பது?

சீல் வைத்த மூட்டு தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அடித்து இறுக்குவதும், வெல்டிங் வைப்பதும் உயிரோடு விளையாடுவது ஆகும். ஷாக் அப்சார்பரை மாற்றினால், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ரப்பர் புஷ்ஷைப் பொருத்தும்போது, கார் தரையில் நிற்கும் நிலையில்தான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சீக்கிரம் கிழிந்துபோகும்.

எல்லாம் முடிந்த பிறகே வீல் அலைன்மெண்ட். பலர் தேய்ந்த மூட்டை அப்படியே வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் மட்டும் செய்கிறார்கள். அது ஆடும் நாற்காலிக்கு வர்ணம் பூசுவது போன்றது. பணம் போகும், ஆட்டம் போகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பஸ், லாரி, டாக்சிக்குத் தகுதிச் சான்று வேண்டும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதன் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

சொந்தக் காருக்கு? பதிவு செய்தால் 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போதுதான் அதிகாரி காரைப் பார்க்கிறார். இடையில் புகைச் சோதனை உண்டு. இன்சூரன்சும் உண்டு. ஆனால், ஸ்டியரிங்கைப் பார்க்க ஆள் இல்லை!

இங்கிலாந்தில் 1960-லேயே, பத்து ஆண்டு ஆன கார்களுக்குப் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் சோதனையைக் கட்டாயம் ஆக்கினார்கள். இன்று அங்கே மூன்று ஆண்டு ஆன கார், ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மூன்றாம் ஆண்டில் முதல் சோதனை. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை.

நம் நாட்டிலும் சட்டம் முழுவதும் சும்மா இருக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தான பழுதோடு வண்டி ஓட்டினால் தண்டனை உண்டு என்கிறது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லியும் தப்ப முடியாது. சாதாரணமாகக் கவனித்தால் தெரிந்திருக்கக் கூடிய பழுது என்றாலே குற்றம்.

ஆனால், குனிந்து பார்ப்பவர் இல்லாத இடத்தில், பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான் இந்தப் பிரிவின் நினைவு வருகிறது.

யார் பொறுப்பு?

2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64 ஆயிரத்து 105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம் இதுதான். வேகமும் குடியும் பெரிய காரணங்கள். தேய்ந்த மூட்டால் எத்தனை என்று பிரித்துச் சொல்வது கடினம். நொறுங்கிய காரில், மூட்டு முன்பே உடைந்ததா, மோதியதில் உடைந்ததா என்று யார் பார்ப்பது?

ரோட்டைச் சீராக வைப்பது அரசின் கடமை. 15 ஆண்டு காத்திருக்காமல், சொந்தக் காருக்கும் இடையில் ஒரு சோதனை வைப்பது பற்றி அரசு யோசிக்க வேண்டும். அது வெறும் முத்திரை குத்தும் சடங்காக இல்லாமல், சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் சோதனையாக இருக்க வேண்டும்.

அது வரும் வரை, காரின் சொந்தக்காரர்தான் காவலர். பழைய கார் வாங்குகிறவர்கள் வர்ணத்தையும் சீட்டையும் மட்டும் பார்க்கக் கூடாது. விலை பேசுவதற்கு முன்பு காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எல்லா மூட்டுகளையும் சோதிப்பது நல்லது.

சாதாரணக் காரின் டை ராடு எண்ட், ஒரு புது டயரை விட விலை குறைவு. அதை மாற்றத் தயங்கினால், முதலில் டயர் போகும். அடுத்து என்ன போகும் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை. பின் சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்து இருக்கிறார்கள்.