தோளுக்கா, தொந்திக்கா?



தோள் திரள வேண்டும், மார்பு விரிய வேண்டும் என்னும் ஆசை இளைஞர்க்கு இயல்பானது. இன்று சிற்றூர்களிலும் உடற்பயிற்சிக்கூடங்கள் வந்துவிட்டன. மாலையானால் பிள்ளைகள் அங்கே விரைகின்றனர். ஆயின், ‘முதலில் நன்றாகச் சாப்பிடு, உடம்பு ஏறட்டும், பிறகு குறைத்துக்கொள்ளலாம்’ என்பதே பல இடங்களில் அவர்கள் கேட்கும் முதல் அறிவுரை. வீட்டில் தாய்மாரும் மகிழ்ந்து நெய்யும் இறைச்சியுமாய்ப் பரிமாறுகின்றனர். ஆறு மாதத்தில் தோளுக்கு முன்பே வயிறு வளர்ந்துவிடுகிறது! இது ஏன்?

உணவுதான் தசையை வளர்க்கிறது என்னும் எண்ணமே இதற்கு வேர். தசையை வளரத் தூண்டுவது பளு. உணவு அதற்கு வேண்டிய பொருளைத் தருகிறது. ஒரு கொத்தனார் ஒரு நாளில் இத்தனை செங்கல்தான் அடுக்க முடியும். பத்து வண்டிக் கல்லைக் கொண்டுவந்து இறக்கினாலும் சுவர் விரைந்து எழாது, முற்றம்தான் அடைபடும்.

பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர்க்கே மாதத்திற்கு ஒரு கிலோ தசை கூடுவது அரிது. ஒரே மாதத்தில் நான்கு கிலோ ஏறிற்றென்றால் அதில் பெரும்பகுதி நீரும் கொழுப்புமே. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. தேவைக்கு மேல் நாள்தோறும் 300 கலோரி உண்பவர் மாதத்தில் 9,000 கலோரியைச் சேர்த்துவிடுகிறார். அது எங்கே போய்த் தங்கும் என்பதை இடுப்புவாரே சொல்லிவிடும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது?

முதலாவது, பளுவைப் படிப்படியாக உயர்த்துதல். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் வலுவிழந்த கால்களைத் தேற்றுவதற்கு, தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர் இம்முறையைக் கையாண்டு, 1945இல் அதனை எழுதி வெளியிட்டார். தூக்கும் பளு எளிதானதும் சிறிது கூட்டுவதே அதன் சாரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். எட்டு முதல் பன்னிரண்டு முறை தூக்கி, இன்னும் ஓரிரு முறையே இயலும் என்னும் நிலையில் நிறுத்துங்கள். கருவி இல்லாதார்க்குத் தண்டாலும் பஸ்கியும் உண்டு.

இரண்டாவது, புரதம். பளுப் பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன் தரும். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு இது 96 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் மீன் அல்லது கோழியில் சுமார் 20 கிராமும் உண்டு. பருப்பு, கடலை, தயிர் ஆகியனவும் துணை செய்யும். இவற்றைப் பழைய உணவின் மேல் ஏற்றாதீர்கள். சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து அவ்விடத்தில் இவற்றை வையுங்கள். டப்பாக்களில் விற்கும் ‘வே’ புரதமாவும் பாலிலிருந்து எடுத்ததே. அது கட்டாயத் தேவையன்று. சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

பருத்த உடலுடையோர் சற்றே குறைத்து உண்டும் தசை வளர்க்கலாம். மெலிந்தோர் சிறிது கூட்டி உண்ணலாம்.

மூன்றாவது, உறக்கம். பளு தூக்கிய தசை தன்னைச் சீர்செய்துகொள்ள ஓய்வு வேண்டும். நள்ளிரவு வரை கைப்பேசியில் விழித்திருப்பவர் தம் உழைப்பில் ஒரு பங்கைத் தாமே இழக்கிறார். நோன்பு மாதத்தில் பளுவைச் சற்றுக் குறைத்து, நோன்பு திறந்த பின் பயிலுங்கள். வடை, சமோசாவைக் குறைத்து, ஸஹரிலும் புரதத்திற்கு இடம் கொடுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பொறுமையற்ற பிள்ளைகளைத் தேடி ஊசியும் மாத்திரையும் மறைவாக வருகின்றன. ஸ்டீராய்டு எனப்படும் அம்மருந்துகள் தசையை விரைவில் பெருக்கும் என்பது மெய்யே. அதற்கு விலையாக, உடல் தானே சுரக்கும் ஆண்மைச் சுரப்பு ஒடுங்கும்; மகப்பேறு வாய்ப்புக் குன்றும்; இதயமும் ஈரலும் கேடுறும். மகனின் உடல் சில வாரங்களில் திடீரெனப் பருத்தால் மகிழ்ந்துவிடாமல், அருகில் அமர்த்தி அன்போடு கேளுங்கள்.

இப்பயிற்சி இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. பெண்கள் பளு தூக்கினால் ஆண்களைப் போல் திரண்டுவிடுவர் என்னும் அச்சம் வீண். அவர்களிடம் ஆண்மைச் சுரப்பு மிகக் குறைவு. எலும்பும் தசையும் உறுதிபெறுவதே அவர்கள் காணும் பயன். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயதுடையோர் எட்டு வாரம் பளுப் பயிற்சி செய்தனர். பயிற்சியை நிறைவு செய்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்கினும் மிகுந்தது. தொடைத் தசையும் வளர்ந்தது.

ஆகவே, எடைக்கருவியை மட்டும் நம்பாதீர்கள். அளவுநாடா ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை புயத்தையும் இடுப்பையும் அளந்து குறித்துவையுங்கள். புயம் கூடி இடுப்பு நின்ற இடத்தில் நின்றால் உண்டது தோளுக்குச் சென்றிருக்கிறது. இடுப்பே முந்தினால், அடுத்த வேளைச் சோற்றில் ஓர் அகப்பையைக் குறையுங்கள்.