வேதபாட வகுப்பும் பெற்றோர் சம்மதமும்

கிறிஸ்தவ ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேதபாடம் நடத்தலாமா? கிறிஸ்தவர் அல்லாத குழந்தை அந்த வகுப்பில் உட்கார வேண்டுமா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் அடிக்கடி எழுகிறது. எழும்போதெல்லாம் இரண்டு பக்கத்தாரும் கோபமாகப் பேசுகிறார்கள். 'பிஞ்சு மனத்தில் மதத்தைத் திணிக்கிறார்கள்' என்கிறார்கள் ஒரு சாரார். 'எங்கள் பள்ளியில் எங்கள் வேதத்தைச் சொல்லித் தரக்கூடாதா?' என்கிறார்கள் மற்றொரு சாரார். இந்தச் சந்தடியில், சட்டம் என்ன சொல்கிறது என்பது மறந்து போகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் கும்மிடிப்பூண்டி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்தான். தமிழும் தெலுங்கும் இங்கே பழைய அண்டை வீட்டார். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்தவர்களோடு வடநாட்டு மொழிகளும் வந்துவிட்டன. இலங்கைத் தமிழர் முகாமும் இங்கு உண்டு. கிழக்கே பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் காலந்தொட்டே மாதா கோவில் இருந்து வருகிறது.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு வகுப்பில் முப்பது குழந்தைகள் இருந்தால், வீட்டில் கும்பிடும் சாமி ஒன்றாகவா இருக்கும்? தகப்பன் இரவு ஷிப்டு முடிந்து வந்து தூங்குகிறான். தாயும் வேலைக்குப் போகிறாள். பள்ளியில் சேர்த்த அன்று, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியுமா?

சட்டம் சொல்வது என்ன?

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை இந்த விஷயத்தை விவாதித்தது. சர்க்கார் பணத்தில் மட்டும் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்பதற்கு டாக்டர் அம்பேத்கர் காரணம் கூறினார். எல்லா மதத்தாரும் கொடுக்கும் வரிப்பணத்தை ஒரு மதத்தைப் போதிக்கச் செலவிடுவது நியாயமல்ல என்பது அவற்றில் முக்கியமானது.

அதன்படி அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு அமைந்தது. முழுக்க முழுக்க சர்க்கார் செலவில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கிடையாது. சர்க்கார் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் தனியார் பள்ளியில் நடத்தலாம். ஆனால் மாணவரின் சம்மதம் வேண்டும். மைனராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதிக்க வேண்டும். பாடத்துக்கு மட்டுமல்ல, பள்ளியில் நடக்கும் வழிபாட்டுக்கும் இதே விதிதான். சிறுபான்மையோர் தங்கள் விருப்பப்படி பள்ளிகள் அமைத்து நடத்தும் உரிமையை 30வது பிரிவு தருகிறது. அந்த உரிமையும் இந்தச் சம்மதமும் அக்கம்பக்கமாக நிற்பவை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மனச்சாட்சி விதி ஒன்றைக் கொண்டுவந்தது. மதபாடம் வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வாய் திறக்காதவர் பிள்ளை வகுப்பில் இருக்கும். இந்திய அரசியல் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. இங்கே சம்மதம் தந்தவர் பிள்ளையைத்தான் மதபோதனையில் உட்கார வைக்கலாம். 'யாரும் ஆட்சேபிக்கவில்லையே' என்பது இந்தியாவில் பதில் ஆகாது.

பழைய அனுபவம்

சென்னை நகரம் இந்த விவகாரத்தை முன்பே பார்த்திருக்கிறது. 1837ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் இங்கே பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1841ல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கொந்தளித்தது. பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டம் கூட்டமாக நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே பச்சையப்பன் தர்மத்தின் பள்ளி திறக்கப்பட்டது.

1846ல் சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபு, சர்க்கார் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்க முற்பட்டார். காஜுலு லட்சுமிநரசு செட்டியார் போன்றோர் எதிர்த்துக் கிளம்பினார்கள். லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்களே அந்த யோசனையை ஏற்கவில்லை.

யாழ்ப்பாணத்திலும் இதே கதை. பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பைபிள் மொழிபெயர்ப்பிலும் உதவிய ஆறுமுக நாவலர், 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பிள்ளைகளுக்கென்று பாலபாடங்கள் எழுதினார்.

பெற்றோருக்குச் சந்தேகம் வந்தால் பள்ளிக்கூடம் காலியாகும் என்பதையே இந்தச் சம்பவங்கள் காட்டுகின்றன. படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தங்களைக் கேட்காமல் பிள்ளையின் நம்பிக்கையில் கை வைத்ததாக நினைத்தார்கள்.

இலங்கையின் வழி

இலங்கை வேறு பாதையில் போயிற்று. உதவி பெற்ற மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே சமயம் ஒரு பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தம். அவரவர் சமயத்தை அவரவர் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். ஒரு மதத்தில் பிறந்த பிள்ளை இன்னொரு மதப் பாடத்தில் மாட்டிக்கொள்வதில்லை. ஆனால் அடுத்த பெஞ்சுக்காரன் எதை நம்புகிறான் என்று அறியும் வாய்ப்பும் குறைவு.

இந்தியாவில் அந்த வாய்ப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. எல்லா மதங்களைப் பற்றியும் அறிவு தருவது வேறு, ஒரு மதத்தின் சடங்குகளைப் போதிப்பது வேறு என்று 2002ல் அருணா ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பிரித்துக் காட்டியது. நல்ல சமாரியன் கதையை இரக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லித் தருவது ஒன்று. 'இவரை வணங்கு' என்று சொல்லித் தருவது மற்றொன்று. முதலாவதை எந்தப் பள்ளியும் செய்யலாம். இரண்டாவதற்குத்தான் பெற்றோரின் சம்மதம் தேவை.

வராந்தாவில் ஒரு குழந்தை

சம்மதம் தராத பெற்றோரின் பிள்ளையை எங்கே வைப்பது? பல கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் அதே நேரத்தில், மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு நடக்கும். இரண்டு வகுப்புக்கும் ஆசிரியர் உண்டு.

ஆனால் ஓர் ஆசிரியரோ இருவரோ மட்டும் உள்ள சிறிய பள்ளியில் என்ன செய்வது? வேதபாட நேரத்தில் ஒரு குழந்தையை மட்டும் வராந்தாவில் உட்கார வைத்தால், ஆறு வயதுக் குழந்தைக்கு அது தண்டனையாகவே படும். 'நானும் உள்ளே இருக்கிறேன்' என்று அது தானாகவே சொல்லிவிடும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பள்ளி தொடங்குமுன், அல்லது கடைசி மணி அடித்த பிறகு வேதபாடத்தை வைத்துக்கொண்டால் இந்தச் சங்கடமே வராது.

பள்ளிக் குழந்தைக்கும் மனச்சாட்சி உண்டு என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 1986லேயே ஒப்புக்கொண்டது. கேரளத்தில், தங்கள் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று தீர்ப்பாயிற்று. அந்தக் குழந்தைகள் சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த அதே பாதுகாப்பு, கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் இந்துக் குழந்தைக்கும் முஸ்லிம் குழந்தைக்கும் உரியது.

செய்ய வேண்டியது

பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. சேர்க்கைப் படிவத்தின் மூலையில் சம்மதத்தை ஒளித்து வைக்காமல், தனித் தாளில் கேட்க வேண்டும். தமிழ் தெரியாத பெற்றோருக்கு அவர்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். எந்த வகுப்பு, எத்தனை நாள், காலை ஜெபம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்னால் மனம் மாறினால் ஒரு வரி எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்பதும் இருக்க வேண்டும். பள்ளியைப் பார்வையிட வரும் வட்டாரக் கல்வி அலுவலர், வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போது இந்தத் தாள்களையும் புரட்டினால் போதும்.

இதனால் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு நஷ்டம் என்ன? ஒன்றுமில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு வேதத்தைத் தலைநிமிர்ந்து கற்றுக்கொடுக்கலாம். யாராவது புகார் கிளப்பினால் எடுத்துக் காட்டக் கையில் காகிதம் இருக்கும். பிள்ளை பள்ளியில் என்ன படிக்கிறது என்பது, ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தகப்பனுக்கும் தெரிந்திருக்கும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரைக் கேட்பதுதான் முறை.