வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது? உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் பன்னிரண்டு வயது மகனுக்கு? பாட்டிக்கு?

“பிளம்பரைக் கூப்பிட்டால் வந்துவிடுவாரே!” என்கிறீர்களா? வருவார். ஆனால் குழாய் உடைந்தால் அவர் வரும்வரை தண்ணீர் காத்திருக்காது.

வசதிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் ஜொகூர் பாருவில் எத்தனையோ வீடுகளில் விடிவதற்கு முன்பே விளக்கு எரிகிறது. நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தை நோக்கிக் கிளம்பி, இரவு திரும்பும் தம்பதியரிடம் “அந்தக் காலத்தில் அம்மியில் அரைத்தோம்” என்று சொன்னால் அது நியாயமா? அவர்களுக்குப் பாக்கெட் தோசை மாவும், பெட்டியில் வரும் தேங்காய்ப் பாலும், கைப்பேசியில் தட்டினால் வாசலுக்கு வரும் சோறும் பெரிய உதவி. தோட்டத்து லயங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய், திரும்பி வந்து விறகடுப்பில் சமைத்த பெண்களைக் கேட்டால், அந்தச் சுமை போனதே நல்லது என்பார்கள்.

ஆனால் அந்தச் சுமையோடு இன்னொன்றும் போய்விட்டது. அன்று அப்பா சைக்கிளுக்கு ஒட்டுப் போடும்போது பிள்ளை பக்கத்தில் நின்று பசை எடுத்துக் கொடுத்தான். அம்மா ரசம் வைக்கும்போது மகள் புளி கரைத்தாள். யாரும் பாடம் நடத்தவில்லை. பக்கத்தில் நின்றதே பாடம். இன்று எல்லாம் வெளியிலிருந்து வருவதால், பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வீட்டில் வேலையே இல்லை. தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களும் வீட்டில் ஒருவரிடம் மட்டும் தங்கிவிடுகின்றன. அவர் இல்லாத நாளில் என்ன ஆகும்?

நமக்கு இது கற்பனை அல்ல. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஜொகூர் பாலம் வெறிச்சோடியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த பலர், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அங்கேயே தங்கினார்கள். சில வாரம்தான் என்று நினைத்தோம். தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆகிவிட்டது.

பிரிவும் பணக் கஷ்டமும் ஒரு பக்கம். கேஸ் தோம்பு மாற்றுவதும், மின்சாரம் ‘டிரிப்’ ஆனால் சரிசெய்வதும் கணவருக்கு மட்டுமே தெரிந்த வீடுகளில், அவர் அக்கரையில் இருந்தார். குழம்பு வைக்கத் தெரிந்த மனைவி இக்கரையில். வீடியோ அழைப்பில் ஒருவர் சுவிட்சைத் தேடினார். மற்றவர் உப்பின் அளவைக் கேட்டார்.

அதற்கு முன்பும் நமக்குப் பாடம் கிடைத்தது. 2015-இல் லாயாங், லெபாம் அணைகளில் நீர்மட்டம் இறங்கி, பாசிர் கூடாங், மாசாய் வட்டாரங்களில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது, வாளியையும் பீப்பாயையும் தேடி ஓடினோம். தண்ணீர் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

சரி, என்ன செய்யலாம்? வீட்டில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இந்த ஐந்தும் தெரிந்திருக்கட்டும்.

ஒன்று, தண்ணீர் வால்வு. பெரும்பாலும் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருமுறை மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும்.

இரண்டு, மின்சாரப் பெட்டி. இடி இடித்து மின்சாரம் போனால், அக்கம்பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நம் வீட்டில்தான் ‘டிரிப்’. சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கி, பெரியதை ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ, கோளாறு அந்த இணைப்பில். அதை இறக்கியே வைத்துவிட்டு வயர்மேனை அழையுங்கள். ஈரக் கையோடு தொடக்கூடாது. மூடியைக் கழற்றவும் கூடாது.

மூன்று, கேஸ். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். 999-க்கு வெளியே வந்த பிறகே பேச வேண்டும்.

நான்கு, இரண்டு தொலைபேசி எண்கள் மனப்பாடமாக. கைப்பேசி பேட்டரி தீர்ந்த பிள்ளை, யாரிடமாவது இரவல் வாங்கி அம்மாவை அழைக்க முடிய வேண்டும்.

ஐந்து, ஒரு வேளைச் சாப்பாடு. சோறு, ரசம், ஒரு முட்டைப் பொரியல் போதும். ஆண் பிள்ளைக்கும்தான்!

இதற்காக யாரும் பிளம்பராக வேண்டாம். உணவு ஆர்டர் செய்வதையும் நிறுத்த வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, குடும்பமாக வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். விளக்கம் சொல்வதோடு நிற்காமல், பிள்ளைகளையே தொட்டுச் செய்யச் சொல்லுங்கள். அம்மாவும் அப்பாவும் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒரு மாலையில், வீட்டில் இருப்பவர்களுக்கு அது கை கொடுக்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.