பிழை சுட்டுவாரும் பேணுவாரும்

ஆரணிப் பட்டுச் சேலை ஒருவர் கைவண்ணம் அன்று. சாயம் ஏற்றுபவர் ஒருவர். பாவு ஓட்டுபவர் ஒருவர். ஜக்கார்டு அட்டையில் துளையிடுபவர் ஒருவர். தறியில் அமர்ந்து நெய்பவர் மற்றொருவர். அட்டையில் ஒரு துளை பிறழ்ந்தால் கரையிலுள்ள பூவும் பிறழும். நெய்பவர் அதனைக் கண்டு கூறவேண்டும். அட்டை அடிப்பவர் கேட்டுத் திருத்தவேண்டும். கூறுபவர் வாயை மூடினாலும், கேட்பவர் செவியை மூடினாலும், அப்பிழை சேலைதோறும் தொடரும்.

இந்த அட்டைக்கும் கணிப்பொறிக்கும் உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பு எந்திரத்திற்குரிய துளையட்டை முறையை ஜக்கார்டு தறியினின்றே எடுத்துக்கொண்டார். பலர் கூடி நெய்யும் அதே முறையை இன்று கட்டற்ற மென்பொருள் உலகிலும் காண்கிறோம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்ற தம் படைப்பை அறிவித்தபோதே பிறர் கருத்தை வேண்டினார்.

வேண்டுவது எளிது, வந்த கருத்தை ஏற்கும் முறையே அரிது. பங்களிப்போரிடம் கடுஞ்சொல் வழங்கியவர் என்று பெயர் பெற்ற அவரே, 2018 செப்டம்பரில் அதற்காக மன்னிப்புக் கோரிச் சிறிது காலம் பொறுப்பினின்று விலகி நின்றார். பிழையான நிரலை மறுப்பது பேணுவோர் கடமை. அதனை எழுதியவரை இழித்துரைப்பது எவர் கடமையும் அன்று. மறுப்பதாயினும் காரணம் கூறி மறுப்பதே அறம்.

இப்பண்பு நமக்குப் புதியதன்று. அரங்கேற்றம் என்பது யாது? புலவர் தம் நூலை அவையில் வைத்து, எழுந்த தடைகளுக்கு விடை பகர்ந்து ஒப்புதல் பெறுவதன்றோ? துணை நின்றாரை நன்றியுடன் குறிப்பதும் நம் மரபே. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரை நூலினுள்ளேயே பல இடங்களில் போற்றினார். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றும்போது தட்டச்சுச் செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை நூலின் முகப்பிலேயே பொறிக்கிறது. ஊதியம் பெறாத தொண்டர்க்கு அப்பெயரே ஊதியம்.

எனினும், கதவு திறந்திருப்பதாலேயே வருவோர் அனைவரையும் நம்பிவிடல் ஆகாது. எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளைப் பல்லாண்டுகளாக ஒருவரே பேணி வந்தார். உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த அவரை 2022ஆம் ஆண்டில் சிலர் விரைவு வேண்டி நெருக்கினர். உதவ வந்தவர்போல் ஒருவர் ஈராண்டுக்கு மேல் நற்பணி செய்து பொறுப்பையும் பெற்றார். பின்னர் அதனுள் கள்ள வழியொன்றை மறைத்து வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், ஏறத்தாழ அரை நொடித் தாமதத்தின் காரணத்தைத் தேடிச் சென்று அதனைக் கண்டுபிடித்திராவிடில் விளைந்திருக்கும் கேடு பெரிது.

இங்கு ஹதீஸ் கலை நமக்கு வழிகாட்டுகிறது. அறிவித்தோர் வரிசையாகிய இஸ்னாதையும், அறிவித்த செய்தியாகிய மத்னையும் முஹத்திஸ்கள் தனித்தனியே ஆராய்ந்தனர். மென்பொருளிலும் ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவர் பெயர் பதிவாகிறது. ஆனால், பெயரைக் கண்டு அமையாமல் பொருளையும் ஆராயவேண்டும் என்பதே எக்ஸ்-இசட் கற்பித்த பாடம். அவ்வாறு ஆராய்வதற்குத் தனியொருவர் போதார்.

ஆகவே, கடமை இருபாலார்க்கும் உரியது. பேணுவோர் செவிசாய்க்கவேண்டும், காரணம் கூறவேண்டும், உதவியவர் பெயரைப் பதிக்கவேண்டும். பயன்படுத்துவோர் பிழையைத் தெளிவாகச் சுட்டவேண்டும், பொறுமை காக்கவேண்டும், இயன்ற சுமையைத் தாமும் தாங்கவேண்டும். இலவசமாகப் பெற்றதை ஏவல் கொள்வார்போல் அதட்டிக் கேட்பது முறையன்று.

மாணவச் செல்வங்களே! கணிப்பொறியில் ஒரு தமிழ் எழுத்துப் பிழைபடத் தோன்றினால் எள்ளி நகையாடி அகலாதீர்கள். எங்கே, எவ்வாறு பிழை நேர்ந்தது என்று பணிவுடன் எழுதுங்கள். இயலுமாயின் திருத்தியும் அனுப்புங்கள். அறுந்த இழையைக் கண்டவர் முடியவேண்டும். அதுவே தறி நமக்குக் கற்பிக்கும் நெறி.