சீன மரமும் நம்ம மலை மரமும் தரும் ஒரே புற்றுநோய் மருந்து: பட்டையை உரிச்சா யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

குற்றாலம் சீசனுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அருவிக்குப் போகும் வழியெல்லாம் வேர், பட்டை, பொடி, தைலம் என்று மூலிகைக் கடைகள் வரிசைகட்டி நிற்கும். அங்கிருந்து வடக்கே கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் வழியாக சிவகிரி வரை போனாலும் மேற்கே தெரிவது அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். மகாராஷ்டிரம், குஜராத் எல்லை வரை நீளும் இந்த மலைத்தொடரின் காடுகளில் வளரும் ஒரு சிறிய மரத்துக்கும், சீனாவின் ஒரு பூமரத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இரண்டின் பட்டையிலும் இருப்பது ஒரே மருந்து. அதுவும் புற்றுநோய்க்கான மருந்து.

சீன மரம் எது?

பெயர் கேம்ப்டோதெக்கா அக்யூமினேட்டா. சீனர்கள் 'ஷி ஷூ' என்பார்கள், 'மகிழ்ச்சி மரம்' என்று பொருள். பந்து பந்தாக வெள்ளைப் பூ பூக்கும். பட்டை, பழம், இலை எல்லாம் சீன மருத்துவத்தில் நீண்ட காலமாகப் பயன்படுகின்றன.

1966ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்ரோ வால், மன்சுக் வாணி ஆகியோரின் குழு இந்த மரத்திலிருந்து 'கேம்ப்டோதெசின்' என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. வாணி நம்ம நாட்டுக்காரர், மகாராஷ்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்தவர். இதே இருவரின் ஆய்வில்தான் 'டாக்சால்' என்ற இன்னொரு புகழ்பெற்ற புற்றுநோய் மருந்தும் கிடைத்தது. அதுவும் ஒரு மரப்பட்டையிலிருந்துதான்.

நம்ம மரம் எது?

நோதபோடைட்ஸ் நிம்மோனியானா. மகாராஷ்டிரத்தில் 'நர்க்யா' என்கிறார்கள். இதன் பூவுக்கு வாசனை கிடையாது, நாற்றம்தான். பழைய அறிவியல் பெயரில் 'ஃபோயிடிடா', அதாவது 'துர்நாற்றம் வீசுவது', என்ற சொல் வந்ததே அதனால்தான்.

1972ல் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் இந்த மரத்திலும் கேம்ப்டோதெசின் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கோவிந்தாச்சாரி முன்பு சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சீன மரத்தைவிட இதில் மருந்து அதிகம் என்பது தெரியவந்ததும் காட்டு மரத்துக்குக் கிராக்கி கூடியது.

அப்போ பட்டையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?

கூடவே கூடாது. செல் பிரியும்போது அதன் டிஎன்ஏ, முறுக்கிக்கொண்ட சார்ஜர் ஒயர் மாதிரி சிக்கலாகும். அந்த முறுக்கை அவிழ்க்க 'டோபோஐசோமரேஸ்-1' என்ற நொதி டிஎன்ஏவை வெட்டி, மறுபடி ஒட்டும். கேம்ப்டோதெசின் அந்த ஒட்டும் வேலையைத் தடுத்துவிடும். செல் செத்துவிடும். புற்றுநோய் செல் மட்டுமல்ல, வேகமாகப் பிரியும் நல்ல செல்களும்தான்.

அதனால்தான் 1970களின் தொடக்கத்தில் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் நிறுத்தப்பட்டன. சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு உள்ளிட்ட கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. பிறகு அந்த மூலக்கூறை மாற்றி அமைத்துத்தான் டோபோடெக்கான், இரினோடெக்கான் ஆகிய மருந்துகள் உருவாயின. 1996ல் அமெரிக்கா இரண்டுக்கும் ஒப்புதல் தந்தது. கருப்பை முட்டையகம், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு இவை இன்றும் பயன்படுகின்றன. அளந்து, மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்கும் மருந்து இது. கடையில் பொட்டலம் கட்டி வாங்கும் விஷயம் அல்ல.

பட்டை எடுத்தா மரம் ஏன் சாகுது?

இலை தயாரிக்கும் உணவு, பட்டையின் உள்பகுதி வழியாகத்தான் வேருக்குப் போகிறது. சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, மரமும் போய்விடும். நர்க்யாவில் தண்டுப்பட்டையோடு வேர்ப்பட்டையிலும் மருந்து அதிகம் என்பதால், பல இடங்களில் உரிப்பதோடு நிற்காமல் மரத்தையே வேரோடு எடுத்துவிடுகிறார்கள்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. சீன மரத்தில் பட்டையைவிட இளம் இலையில் மருந்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. கிளையைக் கவாத்து செய்து இலை பறித்தால் மரம் பிழைக்கும். சீனாவில் அந்த மரத்தைத் தோப்பாகவும் சாலையோரத்திலும் வளர்க்கிறார்கள். நாம் பெரும்பாலும் காட்டையே நம்பி இருந்துவிட்டோம்.

சட்டத்தில் என்ன மாறியது?

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002ல் வந்தது. காட்டு வளத்தை எடுத்து வியாபாரம் செய்பவர்கள், லாபத்தில் ஒரு பங்கை அந்த வளத்தைக் காப்பாற்றும் உள்ளூர் மக்களுக்குத் தரவேண்டும் என்பதே இதன் அடிப்படை. இதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

2023ல் திருத்தப்பட்ட சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. முக்கியமான மாற்றங்கள்:

• வளர்க்கப்பட்ட மூலிகைகளுக்கும், ஏட்டில் உள்ள பாரம்பரிய அறிவுக்கும் விலக்கு.
• ஆயுஷ் மருத்துவர்களுக்கும் விலக்கு.
• மீறினால் இருந்த சிறைத் தண்டனை நீக்கம். பதிலாக 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

விவசாயிக்கு இது நல்ல செய்தி. நிலத்தில் மூலிகை மரம் வைத்தால் கெடுபிடி குறைவு. ஆனால் சிக்கலும் இங்கேதான். உரித்துக் காய வைத்த பட்டை, தோட்டத்தில் வளர்ந்ததா, காட்டில் வெட்டியதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. காட்டுப் பட்டைக்கு 'தோட்டத்துப் பட்டை' என்று பெயர் வைத்துவிட்டால் காடும் போகும், உள்ளூருக்கு வரவேண்டிய பங்கும் போகும். இதைத் தடுக்கச் சட்டத்தில் உள்ள கருவி, மூலிகை எங்கே விளைந்தது என்று காட்டும் சான்றிதழ். அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

சிவகிரிக்கு இதில் என்ன வேலை?

சிவகிரி முதல் குற்றாலம் வரையிலான மலைக்காடுகள் 2015ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகின்றன. அங்கே அனுமதி இல்லாமல் பட்டை உரிப்பது குற்றம். அடிவாரத்துப் பட்டா நிலங்கள் அப்படி அல்ல. வேலி ஒரு பக்கம் காடு, மறுபக்கம் தோட்டம். சான்றிதழில் ஏமாற்றுவது எளிதாக இருப்பதும் இப்படிப்பட்ட ஊர்களில்தான்.

இங்கே முக்கியமானது, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்கவேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழு. தன் எல்லைக்குள் என்ன மரம், எங்கே, எவ்வளவு என்று பதிவேடு வைப்பது இதன் கடமை. அந்தக் கணக்கு இருந்தால்தான், பத்து மரம் உள்ள தோட்டத்திலிருந்து லாரி நிறையப் பட்டை எப்படி வந்தது என்று கேட்க முடியும்.

உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, பதிவேடு எழுதப்பட்டிருக்கிறதா? பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய்தான்.