நலவாழ்வுப் பகுதி: யாரைக் கேட்பது?

சென்ற இதழில் கோடைக்காலத்துக் குடிநீரைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் எழுதப் புகும் விஷயம், குடும்பத்தார் அனைவரும் கூடத்தில் வைத்துப் படிக்கும் பத்திரிகைக்கு ஏற்றதுதானா என்று எனக்கே ஒரு தயக்கம் இருந்தது. ஆசிரியரைக் கேட்டேன். "எழுதும், ஆனால் தெளிவாக எழுதும்" என்றார். எச்.ஐ.வி. என்னும் கிருமிக்கான இரத்தச் சோதனையை ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் யாருக்குச் செய்வது என்பதே விஷயம். நான் வைத்தியன் அல்லன்; பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரெயில்வே குமாஸ்தா. ஆகையால் இவ்விஷயம் என்னிடம் வந்து சேர்ந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் மட்டுமே நன்கறிந்த நோயாளி எவரேனும் இந்நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தால், நம் சங்கத்திலிருந்து ஒருவரை மொழிபெயர்க்க அழைப்பது வழக்கமாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஓரிரவு எனக்கு அழைப்பு வந்தது. கொங்கு நாட்டுப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், வண்டி கவிழ்ந்து கால் முறிந்து கிடந்தார். இருபத்தைந்து வயதிருக்கலாம். வழிக்கு வேண்டிய இந்தி அவருக்கு வரும். வைத்தியருக்குப் பதில் சொல்லும் இந்தி வராது.

டாக்டரும் இளைஞர், நல்லவர். தாளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தார். சொந்த ஊர் எது? தொழில் என்ன? வீட்டை விட்டு வந்து எத்தனை நாள் ஆகிறது? ஒன்றரை மாதம் என்று நான் சொன்னதும், பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்து, "வழியில் பெண்கள் சகவாசம் உண்டா என்று கேளுங்கள், எச்.ஐ.வி. சோதனைக்கு எழுத வேண்டும்" என்றார். அடுத்த கட்டிலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் இடையே ஒரு திரைகூட இல்லை. அங்கே மோட்டார் சைக்கிளில் விழுந்து கை முறிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் ஏறக்குறைய அதே வயது. அவனை யாரும் இப்படிக் கேட்கவில்லை.

எவ்வளவு பதமாகச் சொல்லக் கூடுமோ அவ்வளவு பதமாக மொழிபெயர்த்தேன். டிரைவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏனுங்கண்ணா, அந்தப் பையனைக் கேக்கலையே, என்னை மட்டும் எதுக்குக் கேக்கறாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பின்னர் ஒரு வைத்திய நண்பரின் உதவியால் சில கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அவற்றின் சாரமே கீழே வருவது.

எங்கள் இலாகாவில் இதற்கு ஒப்பான காட்சியை நாள்தோறும் பார்க்கிறோம். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் முகத்தையும் உடையையும் பார்த்துச் சந்தேகத்துக்கு உரியவர்களிடம் மட்டும் டிக்கெட் கேட்பார். இன்னொருவர் பெட்டியின் ஒரு கோடி முதல் மறுகோடிவரை ஒருவர் விடாமல் கேட்பார். முன்னவருக்கு வேலை சீக்கிரம் முடியும். பின்னவர் பாதி வண்டி பார்ப்பதற்குள் ஜங்ஷன் வந்துவிடும். முன்னவரிடம் சலவை வேட்டிக்காரர் டிக்கெட் இல்லாமலே தப்புவார். அழுக்குச் சட்டைக்காரர் டிக்கெட் வைத்துக்கொண்டே தலைகுனிவார். வைத்திய உலகிலும் இவ்விரு முறைகளுக்கும் இடையே நீண்ட காலமாக வாதம் நடந்து வருகிறது.

அவசரப் பிரிவில் இச்சோதனை எதற்கு என்று கேட்கலாம். இக்கிருமி உடலில் புகுந்த பின் பல ஆண்டுகள் வெளிக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கக் கூடும். அதற்குள் கண்டுபிடித்து நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளத் தொடங்கினால், நோயாளி ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்து, அந்நிலையிலேயே நின்றுவிட்டால், உடலுறவின் வழியே பிறருக்குப் பரவுவதும் இல்லை. நம் நாட்டில் அரசாங்க மையங்களில் 2004-ஆம் ஆண்டு முதல் இம்மருந்து இலவசம். ஆனால் சோதித்துப் பார்த்தவர்க்கல்லவோ இவ்வளவும்? குடும்ப டாக்டர் என்று ஒருவர் இல்லாத ஏழைக்கும், ஊரை விட்டு வந்த தொழிலாளிக்கும், எலும்பு முறிந்தாலன்றி ஆஸ்பத்திரி வாசல் தெரியாது. அந்த ஒரு வாசலில் தவறவிட்டால் அவரை வேறெங்கும் பிடிக்க முடியாது.

இதை எண்ணியே அமெரிக்க நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2006-ஆம் ஆண்டில், 13 முதல் 64 வயது வரையுள்ள நோயாளிகள் அனைவருக்கும், அவர்கள் வேண்டாமென்று மறுத்தாலொழிய, இச்சோதனையைச் செய்யுமாறு பரிந்துரைத்தது. அவசரப் பிரிவுகளும் இதில் அடக்கம். கூட்டம், செலவு, நேரம் என்று டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். டென்வர் நகரத்து வைத்தியர்கள் சிலர் வேறு வழி தேடினார்கள். வயது, ஆணா பெண்ணா என்பது, இனம், உறவுப் பழக்கம், போதை ஊசிப் பழக்கம், முன்பு சோதித்ததுண்டா என்பது ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை மிகுந்தவர்களை மட்டும் சோதிக்கலாம் என்று ஒரு கணக்கை 2012-இல் வெளியிட்டார்கள்.

எம்முறை மேல் என்று அறிய 2014 முதல் 2016 வரை டென்வர், பால்டிமோர், சின்சின்னாட்டி, ஓக்லண்டு ஆகிய நான்கு நகரங்களின் அவசரப் பிரிவுகளில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது; அதன் முடிவு 2021-இல் வெளியாயிற்று. 76,561 வருகைகளைச் சீட்டுக் குலுக்குவது போல் மூன்று பங்காக்கினார்கள். முதற்பங்கில் 25,469 பேர். அவர்களில் எல்லோருக்கும் சோதனை என்பது ஏற்பாடு. இரண்டாவதில் 25,453 பேர். மதிப்பெண் கணக்கில் தேறியவர்களுக்கு மட்டும். மூன்றாவதில் 25,639 பேர். பழைய வழக்கப்படி நடத்தையைக் கேட்டுத் தெரிந்தெடுத்தவர்களுக்கு மட்டும். எல்லோரையும் கேட்ட பங்கில் 6,744 பேர் சோதனை செய்துகொண்டார்கள். புதிதாக நோய் தெரிய வந்தவர் 10 பேர். மதிப்பெண் பங்கில் 4,488 சோதனை, 7 பேர். பழைய முறையில் 3,173 சோதனை. அங்கும் 7 பேர். பத்துக்கும் ஏழுக்கும் உள்ள இவ்வளவு சிறிய வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடும். குறிவைத்துத் தேடும் முறை மற்றதை வென்றுவிட்டதென்று சொல்ல முடியாது என்றே ஆராய்ச்சியாளர்கள் முடித்தார்கள்.

குமாஸ்தா புத்தி, பிற பத்திகளையும் கூட்டிப் பார்த்தேன். மதிப்பெண் கணக்குப்படி சோதனைக்கு உரியவராகத் தேறியவர் 13,883 பேர்; அதாவது வந்தவர்களில் பாதிக்கும் மேல். பாதி ஊரே சந்தேகத்துக்கு உரியதென்றால் அது என்ன சந்தேகமோ, எனக்கு விளங்கவில்லை. அவர்களுள்ளும் மூன்றில் ஒருவரே சோதனை செய்துகொண்டார். பழைய முறையில் தேர்ந்தவர்களிலும் பாதிப் பேர் வரவில்லை. எல்லோருக்கும் என்ற பங்கிலோ நாலில் ஒருவர்தான். மறுத்தாலும் சரி, நெரிசலில் விடுபட்டாலும் சரி, மிச்சமுள்ளவர்கள் சோதனையின்றியே போய்விட்டார்கள். யாரைக் கேட்பது என்பதில் டாக்டர்கள் செலவிட்ட யோசனையில் ஒரு பங்கை, எப்படிக் கேட்பது என்பதிலும் செலவிட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் வேறு விதமாகச் செய்கிறார்கள். 2022 ஏப்ரல் முதல் லண்டன், மான்செஸ்டர், பிரைட்டன் போன்ற, இந்நோய் மிகுந்த இடங்களின் அவசரப் பிரிவுகளில், வேறு காரணத்துக்காக இரத்தம் எடுக்கப்படும் பெரியவர்களுக்கு இச்சோதனையும் உடன் செய்யப்படுகிறது. வேண்டாம் என்பவர் சொல்லிவிடலாம். ஆக, இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களே தவிர, அவ்விடத்தில் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இது நமக்கும் புதிதன்று. நம் வீட்டுப் பெண்கள் கருவுற்றுப் பதிவு செய்யப் போகும்போது இரும்புச் சத்து, சர்க்கரை ஆகியவற்றோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்யப்படுகிறது. எந்த மாமியாராவது, "என் மருமகளை ஏன் கேட்டாய்?" என்று சண்டைக்குப் போனதுண்டா? வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அதே சீட்டு. காசநோய் என்று தெரிந்தவர்களுக்கும் அவ்வாறே.

குறிவைத்துத் தேடுவதே தவறென்று நான் சொல்லவில்லை. 1986-ஆம் ஆண்டில் நம் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் இக்கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தது, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததனால்தான். 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நம் நாட்டில் இக்கிருமியுடன் வாழ்வோர் 25 லட்சத்துக்கு மேல். வயது வந்தோரில் ஆயிரத்துக்கு இருவர் என்ற கணக்கு. இந்த விகிதத்தில் நாட்டின் ஒவ்வோர் அவசரப் பிரிவிலும் எல்லோரையும் சோதிப்பது பெருஞ்செலவு. இடம் அறிந்து, ஆள் அறிந்து தேடத்தான் வேண்டியிருக்கும்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நெடுந்தூர லாரி டிரைவர்களும் புலம்பெயர்ந்த தொழிலாளிகளும் தனிக் கவனத்துக்கு உரிய வகுப்பினர். லாரிகள் நிற்கும் இடங்களில் சோதனையும் ஆலோசனையும் நடத்த அந்த வகைப்பாடு உதவிற்று. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் பிழைக்கப் போகும் லட்சக்கணக்கானவர்களைப் பற்றிய கணக்கு ஒன்று, கட்டிலில் கிடக்கும் ஒரு தனி மனிதனின் நெற்றியில் சீட்டாக ஒட்டப்படும்போது நிலைமை மாறிவிடுகிறது. "வெளியூரா, தனியாக இருக்கிறாயா?" என்ற கேள்வி, அன்பர்களே, உங்களையும் என்னையும் நோக்கியது.

தேர்ந்தெடுத்தே ஆகவேண்டுமென்றால் தொழிலையும் ஊரையும் விட்டு உடம்பையே கேட்கட்டும் என்பது என் கட்சி. காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், மெலிவு, தீராத பேதி, வாயில் வெண்படலம், இளம் வயதில் அக்கி, காசநோய் ஆகியவை கண்டபோது இச்சோதனையைச் சொல்லும் முறை ஐரோப்பிய நாடுகளில் இருக்கிறது. அதில் எவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சும் எழுவதில்லை. ஆனால் கால் முறிந்து வந்த நம் டிரைவர் அந்தக் கணக்கில் அகப்படமாட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கும் பக்கத்துக் கட்டில் பையனுக்கும் ஒரே மாதிரிக் கேட்டிருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சட்டமே விலக்களித்த சில நிலைமைகள் நீங்கலாக, விவரம் சொல்லி ஒருவருடைய சம்மதம் பெறாமல் இச்சோதனையைச் செய்யலாகாது. சோதனை செய்தால்தான் சிகிச்சை, சோதனை செய்தால்தான் வேலை என்பதும் கூடாது. அவசரப் பிரிவில் செய்யும் முதற்சோதனை முடிவாகாது. வெவ்வேறு வகையான மூன்று சோதனைகள் ஒத்தால்தான் கிருமி உண்டென்று உறுதி செய்வார்கள். கிருமி புகுந்த முதற்சில வாரங்களில் சோதனைக்கு அகப்படாமலும் போகலாம். ஐயமிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் "நம்பிக்கை மையம்" என்று பலகை போட்டிருப்பார்களே, அதே மையம் இங்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆலோசனை மற்றும் பரிசோதனை மையம் என்ற பெயரில் உண்டு, கட்டணம் இல்லை. 1097 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

சங்கத்தின் சார்பில் மொழிபெயர்க்கப் போகும் அன்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இப்படியொரு கேள்வி வந்தால், மொழிபெயர்ப்பதற்கு முன் கட்டிலைத் தனியிடத்துக்கு நகர்த்தும்படியோ, திரை போடும்படியோ டாக்டரிடம் சொல்லுங்கள். அன்றிரவு எனக்கு அது தோன்றவில்லை. டிரைவரின் கேள்வியை மட்டும் டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் முகம் சற்றே சிவந்தது. பேனாவை மூடிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய் அந்தப் பையனிடமும் சோதனையைப் பற்றித் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பின்னர்த் திரும்பி வந்து, டிரைவரிடம் நோய் என்ன, மருந்து என்ன, மறுக்கலாம் என்பதெல்லாம் பொறுமையாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். "சரிங்க, எடுக்கச் சொல்லுங்கண்ணா" என்று கையை நீட்டினார். அதன் முடிவை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் லாரி முதலாளி ஊரிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பையன் எப்படி இருக்கிறான், வண்டி எடுக்க எத்தனை நாளாகும், என்னென்ன சோதனையெல்லாம் செய்தார்கள் என்று ஒரே மூச்சில் கேட்டார். கால் எலும்பு முறிந்திருக்கிறது, படம் எடுத்துப் பார்த்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், மூன்று மாதம் ஆகலாம் என்றேன். வேறு ஒன்றுமில்லையே என்றார். மற்றதெல்லாம் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.