நீர்ச் சோதனையும் மருந்தின் குறுக்கீடும்

நோயாளியின் நாப் பொய்த்தாலும் அவன் சிறுநீர் பொய்யாதென்பது பலருடைய எண்ணம். ஆயின் அந்நீர் அவனுடைய நோயைப்பற்றிக் கூறுவதுடன், அவன் விழுங்கிய மருந்தைப்பற்றியும் கூறும். இவ்விரண்டையும் பிரித்தறியாவிடின் சோதனையின் பயன் கெடும் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

முதற்கண் நிறத்தை நோக்குவோம். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிபாம்பிசின் என்னும் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். காங்கேயத்திற்கு வடக்கே பெருந்துறையில் முன்னாளில் காசநோயாளர்க்கெனச் சானடோரியம் ஒன்றிருந்தது. இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. இப்பொழுது அந்நோயாளருட் பெரும்பாலார் தம் இல்லத்திலிருந்தே மாத்திரை உண்கின்றனர். நிறமாற்றத்தை முன்னரே அறியாதவர், இரத்தம் போகின்றதென்றஞ்சி மருந்தை நிறுத்திவிடல் கூடும். நிறுத்தின் நோய் மீண்டும் வலுக்கும்.

சர்க்கரைச் சோதனையோ இன்னும் நுட்பமானது. அமெரிக்க இரசாயன அறிஞர் ஸ்டான்லி பெனடிக்ட் (1884–1936) வகுத்த முறைப்படி, மயில்துத்தம் சேர்ந்த நீலக் கரைசலோடு சிறுநீரைக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறங்கள் தோன்றும். வைட்டமின் சி மிகுதியாக உண்டவரிடத்துச் சர்க்கரை இல்லாமலே அந்நிறம் மாறுவதுண்டு. இக்காலத்து ஆய்வகங்களில் நீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டையிலோ, அதே வைட்டமின் நிறம் தோன்றாமல் தடுத்து, உள்ள சர்க்கரையையும் இரத்தத்தையும் மறைத்துவிடும். ஒரே மாத்திரை ஓரிடத்தில் இல்லதை உண்டென்றும், மற்றோரிடத்தில் உள்ளதை இல்லையென்றும் சாதிக்கும் விந்தையை என்னென்பது! டாபாகிளிஃப்ளோசின் என்னும் மருந்தோ சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதையே தொழிலாக உடையது. நீரிழிவு இல்லாதாரும் இதயத் தளர்ச்சிக்காக அதனை உண்பதுண்டு. அவர் நீரில் சர்க்கரை தோன்றுதல் மருந்து வேலை செய்வதன் அடையாளமேயாம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், கூறுதும். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி, ஒவ்வாத உணவும், அளவு தவறிய உணவும், காலந்தவறிய உணவும் நீக்கி, நன்குறங்கி, வைகறையில் கண்ணாடிக் கலத்தில் ஏற்ற நீரையே நோக்குமாறு விதிக்கின்றது. எண்ணெய்த் துளியின் ஓட்டத்தால் நோயறியும் அம்முறையை இக்கால இரசாயனம் ஏற்குமா என்பது வேறு வினா. உட்கொண்டது நீரின் குறியை மாற்றும் என்னும் விழிப்பு அந்நூலார்க்கு இருந்தமை தெளிவு. அவ்விழிப்பு நமக்கும் வேண்டும்.

காங்கேயத்துக் கொப்பரைக் களங்களிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கும் கூலியாளர் ஒருநாள் வருவாயை இழந்தே சோதனைக்குச் செல்ல வேண்டியவராவர். பிழைபட்ட முடிவால் அவர் மறுநாளும் அலைதல் முறையோ? ஆய்வகத்தார் கலத்தைக் கொடுக்கும்போதே, "என்னென்ன மருந்து உண்கின்றீர்?" என வினவிச் சீட்டில் குறித்தல் வேண்டும். இதற்குச் செலவொன்றும் இல்லை. வருவோரும், கடையில் தாமே வாங்கிய மாத்திரையாயினும் நாட்டு மருந்தாயினும், ஒளியாது உரைத்தல் வேண்டும். சோதனையின்பொருட்டு மருந்தைத் தாமே நிறுத்துதல் மட்டும் ஆகாது. அதனை வைத்தியரே சொல்லுதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், எழுத்தறியா முதியோர் உண்ணும் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புமின். நாம் கற்ற எழுத்து அவர்தம் உயிர்க்கு உதவுமாயின், அதனினும் மேலான பயன் கல்விக்கு யாதுளது?